எப்படியும் மீறுகிறவனுக்கு இன்னொரு சட்டம் எதற்கு?

பௌர்ணமி தினமான போயாவுக்கு முந்தின நாள் மாலை ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று மலையகத்தின் எந்த நகரத்துக்குப் போனாலும் பார்களுக்கு முன்னால் கூட்டம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். மறுநாள் நாடு முழுவதும் மதுக்கடைகளுக்குப் பூட்டு. ஆனால் அதே போத்தல், கொஞ்சம் விலை கூடி, தோட்டத்து லய வீடுகளில் எந்தக் காம்பராவில் கிடைக்கும் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும்.

இதையெல்லாம் பார்த்துப் பழகியவர்களுக்கு இயல்பாகவே ஒரு சலிப்பு வந்துவிடுகிறது. கசிப்பு என்ற கள்ளச் சாராயம், ஐஸ் போதைப்பொருள், களவாக மாணிக்கக்கல் தோண்டுவது, கம்பியில் சிக்கிச் சாகிற சிறுத்தை என ஒவ்வொன்றும் செய்தியில் அடிபட்டவுடன் "சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும்" என்று ஒரு குரல் எழும். "இருக்கிற சட்டத்தையே மதிக்காதவன் புதுச் சட்டத்தையா மதிக்கப் போகிறான்?" என்று இன்னொரு குரல் பதில் சொல்லும். இரண்டாவது குரலில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பார்ப்பதற்கு முன்னால், சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

## மூன்று சொற்கள்

1. சட்டம். பாராளுமன்றம் நிறைவேற்றுவது. பிரித்தானியர் காலத்துச் சட்டங்கள் இன்றும் 'கட்டளைச் சட்டம்' என்ற பெயரிலேயே நடைமுறையில் இருக்கின்றன. மதுவுக்கு 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். காட்டு விலங்குகளுக்கு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். இரண்டும் பல தடவை திருத்தப்பட்டவை.

2. ஒழுங்குவிதி. ஒரு சட்டம் கொடுக்கும் அதிகாரத்தைக் கொண்டு அமைச்சர் ஆக்கி, வர்த்தமானியில் வெளியிடுவது. இறக்குமதித் தடை, அனுமதிப்பத்திர நிபந்தனை போன்றவை பெரும்பாலும் இந்த வகை. "புதுச் சட்டம் வந்துவிட்டது" என்று செய்தியில் சொல்லும்போது பாதி நேரம் வந்திருப்பது ஒழுங்குவிதிதான்.

3. தடுப்பாற்றல். தண்டனைக்குப் பயந்து ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யாமலே விட்டுவிடுவது. பிடித்து உள்ளே போடப்பட்டவர் அங்கே இருக்கும்வரை மறுபடி செய்ய முடியாமல் இருப்பது வேறு விஷயம். புதிய விதி கைதுகளைக் கூட்டியது என்பதற்கும், ஆட்களைத் தடுத்தது என்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

## பயம் போடும் கணக்கு

1764இல் மிலான் நகரத்து இளைஞர் செசாரே பெக்காரியா தண்டனைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சித்திரவதையும் பகிரங்கத் தூக்கும் சாதாரணமாக இருந்த காலம் அது. தண்டனையின் கொடுமையைவிட, அது தப்பாமல் வந்து சேரும் என்ற நிச்சயமே மனிதனைத் தடுக்கும் என்பது அவர் வாதம்.

இரு நூற்றாண்டு கழித்து, 1968இல், அமெரிக்கப் பொருளியலாளர் கரி பெக்கர் இதைக் கணக்காகவே எழுதினார். அந்த யோசனை வந்த விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். மாணவர் ஒருவரின் வாய்மொழித் தேர்வுக்கு அவருக்கு நேரமாகிவிட்டது. காசு கட்டி நிறுத்துமிடத்துக்குப் போவதா, வீதியோரம் சட்டவிரோதமாக நிறுத்திவிட்டு ஓடுவதா? தண்டப்பணம் எவ்வளவு, பிடிபடும் சாத்தியம் எவ்வளவு என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். வீதியோரமே நிறுத்தினார். கண்டி நகரத்துக்குள் வாகனம் கொண்டுபோன எவரும் போடும் கணக்குத்தான். என்ன, நமக்கு அதற்கு நோபல் பரிசு தருவதில்லை.

அந்தக் கணக்கை நம்முடைய ஆற்றங்கரைக்குக் கொண்டுவருவோம். எண்கள் வெறும் உதாரணத்துக்கு. ஒருவர் இரவில் களவாகக் கல் தோண்டப் போகிறார். ஒரு இரவுக்குச் சராசரியாக 3,000 ரூபாய் கிடைக்கிறது. பிடிபட்டால் தண்டம் 50,000 ரூபாய்.

1. 100 இரவில் ஒரு தடவை பிடிபடுகிறார் என்றால், வரவு 300,000, செலவு 50,000. தொழில் நடக்கும்.
2. தண்டத்தை இரண்டு மடங்காக்குகிறோம். செலவு 100,000. தொழில் அப்போதும் நடக்கும்.
3. தண்டம் பழையபடி 50,000தான். ஆனால் 100 இரவில் 10 தடவை பிடிபடுகிறார். செலவு 500,000. தொழில் நின்றது.

கணக்குத் தெரிந்தவர் ஒரு கேள்வி கேட்பார். தண்டத்தையே பத்து மடங்காக்கினாலும் அதே 500,000 வருமே? காகிதத்தில் வரும். ஆனால் ஐந்து லட்சம் ரூபாயைப் பறிகொடுக்க அவரிடம் ஐந்து லட்சம் இருக்க வேண்டுமே. இல்லாதவரிடம் தண்டம் எவ்வளவு பெரிதானாலும் ஒன்றுதான். அது சிறையாக மாறும், குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். அதைப் பார்க்கிற நீதவானும் சட்டம் இடம் கொடுத்தால் குறைந்த தொகையைத்தான் பார்ப்பார். அதைவிட முக்கியம், என்றோ ஒரு நாள் வரக்கூடிய பெரிய அடியை மனித மனம் எடை போடுவதே இல்லை. நேற்று அடுத்த குழிக்காரன் பிடிபட்டான் என்பது மட்டும்தான் இன்று இரவு நினைவுக்கு வரும்.

ஒரு சின்ன இடைச்செருகல். ரூபாயில் எழுதப்பட்ட தண்டம் தானாகவே கரையும். 2022 செப்டெம்பரில் இலங்கையின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பழைய தண்டத் தொகையை இன்றைய விலைக்கு ஏற்ப உயர்த்துவது கடுமையாக்குவது ஆகாது. இருந்ததை இருந்த இடத்தில் வைப்பதுதான்.

## ஓயாவில் அலவாங்கு

உதாரணத்தை விட்டு நிஜத்துக்கு வருவோம். பொகவந்தலாவையைச் சுற்றி ஓடும் கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறு. அதன் கரைகளிலும் தோட்டக் காணிகளிலும் அனுமதியில்லாமல் மாணிக்கக்கல் தோண்டியவர்கள் கைது என்ற செய்தி திரும்பத் திரும்ப வரும். பொலிஸார் சில நேரம் தனியாக, சில நேரம் விசேட அதிரடிப்படையோடு போவார்கள். கைப்பற்றிய பொருட்களின் பட்டியலும் மாறாது: மண்வெட்டி, அலவாங்கு, கூடை, நீரிறைக்கும் மோட்டார்.

தோண்டுகிறவர்கள் கரையைக் குடைந்து, கல் கலந்த மண் அடுக்கு வரும்வரை இறங்குவார்கள். அந்த மண்ணைக் கூடையில் போட்டு ஆற்றுத் தண்ணீரில் சுழற்றி அரித்தால் மண் போய்க் கல் தங்கும். போன மண் எங்கே போகும்? நீர்த்தேக்கத்தின் அடியில்தான். கரை தளர்ந்து, மேலே இருக்கிற தேயிலை மலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது குற்றம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அனுமதிப்பத்திரம் வேண்டுமென்றால் காணி உரிமையைக் காட்ட வேண்டும், அல்லது உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் இருக்கிறது. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவருக்குத் தான் படுக்கிற காம்பராவுக்கே உறுதிப்பத்திரம் கிடையாது. ஆகவே சட்டப்படி தோண்டுவதா, களவாகத் தோண்டுவதா என்ற தெரிவு அவர் முன்னால் இல்லவே இல்லை. களவாகத் தோண்டுவது, அல்லது தோண்டாமல் விடுவது, இவை இரண்டுதான்.

இந்த நிலையில் இன்னொரு நிபந்தனையை அனுமதிப்பத்திரத்தில் சேர்த்தால் அது யாரைத் தொடும்? ஏற்கனவே பத்திரம் வைத்திருப்பவரை மட்டும். களவாகத் தோண்டுகிறவர் படிவத்தையே கண்ணால் பார்ப்பதில்லை. "மீறுகிறவன் மீறத்தான் செய்வான்" என்ற வாதத்தின் உண்மையான பாதி இதுதான். அனுமதியோடு நடக்கும் தொழிலுக்குப் போடும் கூடுதல் விதி, அனுமதிக்கு வெளியே நிற்பவரைத் தொடாது.

கைதாகிறவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். குழிக்குள் இறங்கிய மூன்று, நான்கு பேர். மோட்டாருக்குப் பணம் போட்டவர், கல்லை வாங்கிக்கொண்டவர் ஆகியோரின் கைதை எத்தனை செய்தியில் படித்திருக்கிறோம்?

## இரண்டு கிராமும் தூக்குக் கயிறும்

தண்டனையைக் கடுமையாக்குவதில் இதற்கு மேல் போக முடியாது என்ற எல்லைக்கு இலங்கை ஏற்கனவே போய்ப் பார்த்துவிட்டது. போதைப்பொருள் சட்டத்தின் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். 2022இல் ஐஸ் போதைப்பொருளும் அந்தப் பட்டியலுக்குள் வந்தது. ஆனால் இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976இல். 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு பேரின் மரண தண்டனையை நிறைவேற்றக் கையெழுத்திட்டபோது உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது.

1984க்குப் பிறகு இந்த நாற்பது ஆண்டில் ஹெரோயின் குறைந்து மறைந்துவிடவில்லை. அப்புறம் வந்த ஐஸ் தோட்டப் பாடசாலைகளின் வாசல்வரை வந்துவிட்டதே என்றுதான் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். விற்கிறவனுக்குத் தூக்குத் தண்டனை சட்டப் புத்தகத்தில் இருப்பது தெரியாமல் இல்லை. தன் கணக்கில் அதற்கு அவன் கொடுத்திருக்கும் சாத்தியம் பூச்சியம். எதைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியம்தான்.

## விதி திசை மாறிப் பாயும்போது

சில தடைகள் மீறுகிறவரைத் தடுக்காமல் விடுவதோடு நிற்பதில்லை. மீறாதவரின் கையையும் கட்டிப்போடுகின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு இது நேரில் கண்ட கதை.

2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினியின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்து விவசாயிகளை வாட்டிய, காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய்க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம்தான் பின்னணி. தடை மலையகத்துக்கும் சேர்த்துத்தான் வந்தது. பிறகு நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம்.

1. புல் வளர்வது நிற்கவில்லை. கையால் பிடுங்க ஆள் பற்றாக்குறை. மழைக் காலத்தில் மண்வெட்டியால் கொத்தினால் சரிவில் மேல்மண் கழுவிப் போகும்.
2. தடை செய்த மருந்து கடல் வழியாகக் களவாக வந்து, பழைய விலையைப் போலப் பல மடங்குக்கு விற்பனையானது. போத்தலுக்குள் இருப்பது உண்மையில் என்ன என்று சொல்ல லேபிள்கூட இல்லை.
3. கணக்காய்வுக்கும் ஏற்றுமதிச் சோதனைக்கும் உட்பட்ட தோட்டங்கள் அந்தக் களவுச் சரக்கைத் தொட முடியாது. சந்தையில் சட்டப்படி கிடைத்த வேறு களைநாசினிகளுக்குப் போனார்கள். அவற்றில் ஒன்று எம்.சி.பி.ஏ.
4. எம்.சி.பி.ஏ. எச்சம் தன் எல்லையைத் தாண்டுகிறது என்று ஜப்பான் இலங்கைத் தேயிலையைக் கேள்வி கேட்கத் தொடங்கியது.
5. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் மறுபடி அனுமதிக்கப்பட்டது. 2022இல் தடை முழுவதும் நீங்கியது.

விதியை மீறத் துணிந்தவருக்கு மருந்து கிடைத்தது, விலைதான் கூடியது. விதிப்படி நடந்தவரின் தேயிலைதான் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது இந்தப் பாடம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை என்பது வேறு கதை.

கசிப்பிலும் இதே ஓட்டம்தான். சாராயத்தின் வரி ஏற ஏற, கூலிக்காரர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போத்தல் போய்விடுகிறது. சீனியும் ஈஸ்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆற்றங்கரைப் பற்றைக்குள் கோடா என்ற ஊறல் பீப்பாய் புதைப்பதற்கு அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. வரி தவறு என்று இதற்குப் பொருளில்லை. குடிக்கிற மொத்த ஆட்களில் சிலர் குடியைக் குறைப்பார்கள், சிலர் கசிப்புக்கு மாறுவார்கள். இரண்டையும் சேர்த்து எண்ணாமல், மதுவரித் திணைக்களத்தின் விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்துக் குடி குறைந்தது என்று சொல்லிவிட முடியாது.

## அப்படியானால் எந்த விதிதான் வேலை செய்யும்?

இங்கேதான் அந்த வாதத்தின் மற்றப் பாதி உடைகிறது. "மீறுகிறவன்" என்று நாம் சொல்லும் கூட்டத்தில் எல்லோரும் ஒரே உறுதியில் இல்லை. போயா தினத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் நாளே வாங்கிப் பதுக்கி விற்கிறவன் ஒருவன். அவனைத் தேடிப் போய்க் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் சிலர். பார் பூட்டிக் கிடக்கிறது, சரி போகட்டும் என்று வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் இன்னும் சிலர். விதி வேலை செய்வது இந்தக் கடைசி ஆட்களிடம்தான். அவர்கள் எந்தச் செய்தியிலும் வரமாட்டார்கள். செய்யாமல் விட்டதை யாரும் கைது செய்து படம் பிடிப்பதில்லையே.

இலங்கையில் இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஒரு சான்று இருக்கிறது. அது குற்றம் பற்றியதல்ல, வேதனை பற்றியது. 1995இல் நாட்டின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அந்த ஆண்டிலும் 1998இலும் மிகக் கொடிய பூச்சிநாசினிகள் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டன. பத்து ஆண்டில் வீதம் ஏறத்தாழப் பாதியானது. "சாக முடிவெடுத்தவர் வேறு வழி தேடுவார்" என்றுதான் அப்போதும் பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு கணத்தின் வேகம். கைக்கெட்டிய தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாதபோது கணம் கடந்துபோனது, ஆள் பிழைத்தார். உறுதி என்று வெளியே தெரிவது எல்லாமே உறுதி இல்லை.

இரண்டாவது வகை விதி, மீறுகிறவனைப் பயமுறுத்த முயல்வதே இல்லை. அவனைப் பிடிப்பதை இலகுவாக்குகிறது. கழிவுத் தேயிலை இதற்கு நல்ல உதாரணம். தொழிற்சாலையில் சலித்து ஒதுக்கும் நாரும் காம்பும் தூசும்தான் கழிவு. அதற்குச் சட்டப்படியான பயன்கள் உண்டு. ஆனால் சாயம் சேர்த்து நல்ல தூளில் கலந்து விற்கும் ஆட்களும் உண்டு. கலப்படத்தை நிரூபிப்பது பெரிய வேலை: மாதிரி எடுக்க வேண்டும், ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும், யார் கலந்தது என்று காட்ட வேண்டும். 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழி வேறு. அனுமதி இல்லாமல் கழிவுத் தேயிலையை வைத்திருப்பதும் ஏற்றிச் செல்வதுமே குற்றம். இரவு கம்பளைப் பக்கம் லொறியை மறித்த பொலிஸ்காரர் சாக்கைத் திறந்து பார்த்து "பேர்மிட் எங்கே?" என்று கேட்டால் போதும். கலக்க நினைத்தவனின் மனதை இந்த விதி மாற்றவில்லை. அவனுடைய 100 இரவில் பிடிபடும் இரவுகளைக் கூட்டியது.

மூன்றாவது, சுற்றி நிற்பவர்கள். உறுதியாக இருக்கிற ஒருவனுக்கும் லொறி ஓட்டுகிறவர், இடம் வாடகைக்குக் கொடுக்கிறவர், கல்லை வாங்குகிற வியாபாரி எல்லாம் வேண்டும். அவர்களுக்கு இழக்கக் கடையும் வாகனமும் பெயரும் இருக்கின்றன. வாகனம் பறிமுதலாகும் என்று தெரிந்தால் ஓட்டுநர் வாடகைக்கு வரத் தயங்குவார். குழிக்குள் நிற்பவரின் தண்டத்தை ஏற்றுவதைவிட, கல் எங்கிருந்து வந்தது என்று வியாபாரியிடம் கணக்குக் கேட்கும் விதி கூடுதலாக வேலை செய்யும் என்பது என் கணிப்பு.

## கம்பிச் சுருக்கு

2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டம் ஒன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் சிக்கியது. இலங்கையில் காண்பதற்கு மிக அரிய விலங்கு. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தார்கள். சில நாளில் இறந்துபோனது. வழக்கம்போலச் சட்டத்தைக் கடுமையாக்கச் சொல்லிக் குரல்கள் எழுந்தன.

சிறுத்தை ஏற்கனவே முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. ஆனால் கம்பி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சிறுத்தையைக் கொல்ல நினைப்பதே இல்லை. மரவள்ளிக் கிழங்கைக் கிளறுகிற காட்டுப்பன்றிக்கு, அல்லது பன்றி இறைச்சிக்கு, பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளை வளைத்து வேலி ஓரத்தில் கட்டுகிறார்கள். பன்றி போகும் பாதையில்தான் சிறுத்தையும் போகிறது. சிறுத்தைக்கான தண்டனையை எத்தனை மடங்காக்கினாலும், கட்டுகிறவரின் கணக்கில் சிறுத்தை என்ற வரியே இல்லை. பிரேக் கேபிள் விற்பனையையும் தடை செய்ய முடியாது. கூட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: கம்பி கண்ணில் படும் சாத்தியம்.

கம்பி எந்த மலையில், எந்தக் கானோரத்தில் கட்டியிருக்கிறது என்பது வனஜீவராசிகள் திணைக்கள அதிகாரிக்குத் தெரியாது. காலையில் கூடையை மாட்டிக்கொண்டு அந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களுக்குத் தெரிய வாய்ப்புண்டு. அந்தக் கம்பியில் அவர்கள் காலும் மாட்டலாம். ஆனால் கட்டியவர் அடுத்த காம்பராக்காரர். நடுவில் இருப்பது ஒரு சுவர். அவர்கள் பெயர் வெளியே வராமல் சொல்ல ஒரு வழி வேண்டும்.